கோச்சாக நான் பேசிய வெள்ளிக்கிழமைகள்

அன்று மாலை நான் பேனாவை எடுக்காமல் இருந்திருந்தால் யமுனா தொலைபேசியில் என்ன பதில் சொல்லியிருப்பாள்? ஐந்து வருடம் ஆகப்போகிறது, இன்னும் எனக்குத் தெரியவில்லை. சில நாள், "ஆமாம்" என்றுதான் சொல்லியிருப்பாள் என்று தோன்றும். துணி மடித்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று, இல்லை, வேறு ஏதோ அவள் வாயில் வந்துகொண்டிருந்தது என்று தோன்றும். அப்புறம் மடித்த துணியையே மறுபடி மடிப்பேன்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது யமுனாவைப் பற்றி அல்ல. அவளைத் தொலைபேசியில் பேசப் பழக்கியவரைப் பற்றி. அவர் பெயரை எழுதப் போவதில்லை. அவரிடம் கேட்காமல் அவரைப் பற்றி எழுதுவதே தப்போ என்று யோசித்துக்கொண்டேதான் எழுதுகிறேன். நான் அவரை அக்கா என்றேன். பிள்ளைகள் மிஸ் என்றார்கள்.

பர் துபாயில் எங்கள் கட்டடத்தில், எங்களுக்கு இரண்டு மாடி கீழே, ஒரு மலையாள நர்ஸோடு ஷேரிங்கில் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். ஓர் இந்தியப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். வெயிலில் நின்று நின்று கறுத்த முகம். கழுத்தில் விசில் தொங்காமல் அவரை வெளியில் பார்த்ததாக நினைவில்லை.

முதலில் பார்த்தது லிஃப்டில். என் மகனுக்கு எட்டு மாதம். ஏறியவர் அவனைப் பார்த்து, "என்ன தம்பி, சாப்பிட்டாச்சோ?" என்றார். எல்லோரும் குழந்தையிடம் இப்படிக் கேட்பார்கள். கேட்டுவிட்டு அம்மாவைப் பார்ப்பார்கள். நானும், "இப்பதான் சாப்பிட்டான்" என்றேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று மாடி ஏறியது. அவன் "ப்பூ" என்று ஒரு சத்தம் போட்டான். "அப்பிடியோ" என்று தலையாட்டிவிட்டு அவர் தன் மாடியில் இறங்கிப் போனார்.

அவருக்குக் கொஞ்சம் கிறுக்கு போலிருக்கிறது என்று அன்று என் கணவரிடம் சொன்னேன்.

இரண்டு வாரம் கழித்து வீட்டுக் கதவைத் தட்டினார். நான் வங்கிக்காரர் ஒருவரோடு தொலைபேசியில் ஆங்கிலத்தில் சண்டை போட்டது ஜன்னல் வழியாக அவருக்குக் கேட்டிருக்கிறது. "தங்கச்சி, உங்கட இங்கிலீஷ் நல்லா இருந்தது. எனக்கொரு உதவி வேணும்" என்றார். "நீங்கள் ஒரு அமெரிக்கக் கோச்சா இருக்க வேணும்."

நான் திருச்சியில் ஆங்கிலத்தில் எம்.ஏ. படித்தவள். ஒரு வருடம் கல்லூரியில் பாடம் நடத்திவிட்டுக் கல்யாணமாகி இங்கே வந்தவள். ஓடுவது, தாண்டுவது எதுவும் தெரியாது என்றேன்.

"அது பிள்ளையளுக்குத் தெரியும். உங்களுக்குக் கேள்வி கேக்கத் தெரிஞ்சாக் காணும்."

விஷயம் இதுதான். இங்கேயே வளர்ந்த பிள்ளைகளானாலும் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தால் பெரும்பாலும் கிளம்பியாக வேண்டும். ஊருக்குப் போய் இன்ஜினியரிங் சேர்வார்கள். வசதி இருந்தால் வேறு நாடு. நன்றாக ஓடுகிற, நீந்துகிற பிள்ளைகளுக்கு இன்னொரு வழி இருக்கிறது என்று அக்கா எங்கேயோ படித்துக் கண்டுபிடித்திருந்தார். அமெரிக்காவில் சின்னச் சின்னக் கல்லூரிகள்கூட அணிக்கு ஆள் தேடுமாம். எடுத்துக்கொண்டால் படிப்புச் செலவில் பெரும்பகுதியை அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். அக்கா பிள்ளைகளின் ஓட்ட நேரத்தையும் மதிப்பெண்ணையும் மின்னஞ்சலில் அனுப்புவார். ஓடுவதைப் படமெடுத்துச் சிடியில் போட்டு அனுப்புவார். அங்கே பிடித்திருந்தால் கோச் ஒருநாள் தொலைபேசியில் அழைப்பார். அதற்குமேல் எல்லாம் அந்த அழைப்பில்தான் இருந்தது.

முந்தின வருடம் ஒரு நீச்சல் பையனுக்கு அப்படி ஓர் அழைப்பு வந்திருக்கிறது. அப்பா ரிசீவரை எடுத்தார். இருபது நிமிடம் அவரே பேசினார். பையன் வாங்கிய மெடல்கள், கணக்கில் எடுத்த மார்க், பெரியவர்களிடம் காட்டும் மரியாதை. கடைசியில், "பையன் பக்கத்தில்தான் நிற்கிறான் சார், அவனுக்கும் இதே அபிப்பிராயம்தான்" என்று சொல்லி வைத்துவிட்டார். அந்தக் கோச் மறுபடி அழைக்கவேயில்லை.

"ஏன் எடுக்கப்போறார்?" என்றார் அக்கா. "தகப்பன்தான் நீந்த வாறார் எண்டு நினைச்சிருப்பார். வயசு கூடிப்போச்சு எண்டு விட்டிருப்பார்."

சிரிக்காமல் சொன்னார். நான்தான் சிரித்தேன்.

இப்படியாக வெள்ளிக்கிழமைகள் தொடங்கின. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு என் கணவர் தூங்கப்போவார். ஜெபல் அலியில் கன்டெய்னர் வேலை. வாரத்தில் அந்த ஒரு நாள் தூக்கத்தை யாரும் கெடுக்கக் கூடாது. நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சமையலறை வரை வயரை இழுத்து லேண்ட்லைனோடு நிற்பேன். கீழே அக்காவின் அறையில் பத்தாவது, பதினொன்றாவது படிக்கிற பிள்ளைகள் நாலைந்து பேர் வரிசையாகக் காத்திருப்பார்கள். நான் அக்காவின் எண்ணுக்கு அழைப்பேன். "ஹலோ, நான் கோச் பேசுகிறேன்" என்று ஆங்கிலத்தில் தொடங்குவேன். அந்த உச்சரிப்புக்காகத் தொலைக்காட்சியில் அமெரிக்கச் செய்தி பார்த்துப் பழகியிருந்தேன். ஒருநாள் கணவர் தூக்கம் கலைந்து வந்து கதவருகே நின்று முழுவதையும் கேட்டுவிட்டார். அதிலிருந்து கொஞ்ச நாள், "கோச்சம்மா, டீ கிடைக்குமா?" என்றுதான் எழுந்து வருவார்.

பிள்ளைகள் பாவம். மைதானத்தில் சிறுத்தை மாதிரி இருப்பவர்கள் ரிசீவரைப் பிடித்தால் எழுந்து நின்றுவிடுவார்கள். எதிரே யாருமே இல்லாமல் கையைக் கட்டிக்கொள்வார்கள். எதைக் கேட்டாலும் "யெஸ் மேம்". தடை தாண்டும் பையன் ஒருவன், "உன்னிடம் உனக்குப் பிடிக்காத குணம் எது?" என்று கேட்டதற்கும் "யெஸ் மேம்" என்றான்.

அக்கா அவர்களை உட்காரச் சொல்லுவார். காலை நீட்டிக்கொள்ளச் சொல்லுவார். ஓட்ட நேரங்களை மட்டும் ஒரு துண்டில் எழுதி வைத்துக்கொள்ளலாம். பதில்களை எழுதி வைத்திருந்தால் பிடுங்கிவிடுவார். "எழுதின பதில் ரெலிபோனிலை சரசரக்கும். அங்கை இருக்கிறவருக்குக் கேக்கும்" என்பார். கோச்சிடம் கேட்க ஒவ்வொருவருக்கும் ஒரு கேள்வி இருக்க வேண்டும். அது உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற கேள்வியாக இருக்க வேண்டும். அங்கே சோறு கிடைக்குமா என்று ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி என்றார். பனியில் வழுக்கி விழாமல் எப்படி ஓடுவீர்கள் என்று ஒரு பெண் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த வாரம் தேடிப் படித்துவிட்டு வந்து சொன்னேன்.

ஆனால் பயிற்சி முடிந்ததும் அக்கா எனக்குத் தனியாக அழைப்பார். அவர் அதிகம் திருத்தியது என்னைத்தான்.

"கேள்வி கேட்டனீங்கள். சரி. பிறகு ஏன் நீங்களே பதிலும் சொல்லுறீங்கள்?"

"அவன் பேசவே இல்லையேக்கா. பாவமா இருந்துச்சு."

"அவன் யோசிச்சுக்கொண்டிருந்தவன்."

"ரொம்ப நேரமாச்சே."

"மூண்டு செக்கன். நான் எண்ணினனான்."

எனக்குப் பேச்சில் இடைவெளி விழுந்தால் தாங்காது. கூடத்தில் யாராவது சும்மா இருந்தால் அது என் குற்றம் என்று தோன்றும். இப்போதும் அப்படித்தான். அக்காவுக்கு அது நேர்மாறு. அவர் ஒருவரிடம் ஒன்றைக் கேட்டுவிட்டால் பதில் அந்த ஆளின் வாயிலிருந்து வருகிறவரை அப்படியே இருப்பார். முகத்தில் அவசரமும் இருக்காது, கண்டிப்பும் இருக்காது. பேருந்துக்கு நிற்கிறவர் மாதிரி இருக்கும். வேறு யாராவது நடுவில் புகுந்தால் மட்டும் கையை லேசாக உயர்த்துவார்.

ஒருநாள் மீனா பஜாரில் மருந்துக் கடைக்குப் போயிருந்தோம். கட்டட வேலைக்குப் போடும் சைட் உடுப்போடு ஒரு தமிழ் ஆள் நின்றுகொண்டிருந்தார். கடைக்காரர் இந்தியில் என்ன என்று கேட்க, அவருக்கு வார்த்தை வரவில்லை. நெற்றியையும் கழுத்தையும் தொட்டுக் காட்டினார். நான் உடனே, "காய்ச்சலும் தொண்டை வலியும்னு சொல்றார்" என்று இந்தியில் சொல்லிவிட்டேன். உதவி செய்த திருப்தியோடு திரும்பினால் அக்காவின் கை உயர்ந்திருந்தது.

"அண்ணை, உங்களுக்கு என்ன செய்யுது?" என்று அவரிடம் கேட்டார்.

அவர் தயங்கினார். நெற்றியைத் துடைத்தார். கடைக்காரர் மாத்திரை அட்டையை எடுத்தே விட்டார். அக்கா அசையவில்லை.

"காய்ச்சல் இல்லம்மா" என்றார் அந்த ஆள் கடைசியில். "ஒரு வாரமா வலது காது கேக்கல. வெளிய சொன்னா ஊருக்கு அனுப்பிருவாங்களோன்னு இருக்கு."

கடைக்காரர் அட்டையைத் திரும்ப வைத்துவிட்டு ஒரு காது டாக்டரின் பெயரை எழுதிக் கொடுத்தார். திரும்பி நடக்கும்போது அக்கா என்னைத் திட்டவில்லை. கத்திரிக்காய் விலையைப் பற்றிப் பேசினார். திட்டியிருக்கலாம்.

இந்தப் பொறுமை அவருக்கு எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டதில்லை. யாழ்ப்பாணத்தில் அவருக்கு ஓர் அண்ணன் இருந்தார். வெள்ளிக்கிழமை காலையில் தொலைபேசிக் கார்டு போட்டு அவரோடு பேசுவார். ஒருமுறை அந்த நேரத்தில் நான் அறையில் இருந்தேன். ஸ்பீக்கரில் அண்ணனின் குரல் வந்தது. அவருக்குத் திக்குவாய். ஒரு சொல்லின் முதல் எழுத்திலேயே நின்று, மூச்சு வாங்கி, மறுபடி அதே எழுத்துக்கு வந்தார். லைனும் சரியில்லை, சொன்னது போய்ச் சேரவே நேரம் பிடித்தது. அக்கா சுவரில் சாய்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் என்ன சொல்ல வருகிறார் என்று எனக்கே புரிந்துவிட்டது. மழை பெய்ததைச் சொல்ல வருகிறார். அக்காவுக்குப் புரியாமலா இருக்கும்? ஆனாலும் அண்ணன் "மழை" என்று சொல்லி முடிக்கிறவரை இருந்துவிட்டு, "மழையோ, எப்ப?" என்றார், அப்போதுதான் கேள்விப்பட்ட மாதிரி.

"கார்டு முடிஞ்சிடும்க்கா" என்று நான் கிசுகிசுத்தேன்.

"முடிஞ்சா இன்னொண்டு போடுவம்" என்றார்.

யமுனா வந்தது அந்த வருடக் கடைசியில். பன்னிரண்டாம் வகுப்பு. எண்ணூறு மீட்டர் ஓடுகிறவள். ராமநாதபுரத்துக் குடும்பம், அப்பா ஜெபல் அலியில் ஒரு கிடங்கில் சூப்பர்வைசர், கம்பெனி குவார்ட்டர்ஸில் வீடு. உயரமான, பேச்சு குறைந்த பெண். பயிற்சி அழைப்புகளில் அவளுக்கு நான் கோச்சாக இருந்தது ஆறேழு தடவை. அவள் மட்டும் "யெஸ் மேம்" சொல்ல மாட்டாள். கேட்டால் கொஞ்சம் யோசிப்பாள். அப்புறம் சின்னதாக ஒன்று சொல்வாள். அதில் பொய் இருக்காது. "எதற்காக ஓடுகிறாய்?" என்று கேட்டதற்கு, "கடைசி நூறு மீட்டரில் தலைக்குள் எந்தச் சத்தமும் இருக்காது, அதற்காக" என்றாள். அன்று அக்கா எனக்கு அழைத்துத் திருத்தம் எதுவும் சொல்லவில்லை. "கேட்டனீங்களோ?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

அவளுடைய சிடியைப் பார்த்த ஒரு கோச், ஒரு புதன்கிழமை எங்கள் நேரம் ஐந்து மணிக்கு அழைப்பதாக எழுதினார். குவார்ட்டர்ஸில் தொலைபேசி கம்பெனி ஆபரேட்டர் வழியாகத்தான் வரும். அக்காவின் அறையில் அந்த நேரம் நர்ஸ் தூங்குவார். அதனால் என் வீட்டு எண்ணைக் கொடுத்தோம். அவள் அப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மகள் அமெரிக்கா போகப்போகிறாள் என்று ஊரில் சொல்லியே விட்டார். இது கிடைக்காவிட்டால் ஊருக்கு அனுப்பி, சித்தப்பா வீட்டில் தங்க வைத்து, பக்கத்துக் கல்லூரியில் சேர்ப்பதாக இருந்தது. அங்கே ஓடுவதற்கு இடமும் கிடையாது, ஓட விடப்போவதும் கிடையாது. அது யமுனாவுக்கும் தெரியும்.

"அவளுக்குப் போக விருப்பமாக்கா?" என்று நான் அக்காவிடம் முந்தின நாள் கேட்டேன்.

"ஓட விருப்பம். அது தெரியும். மற்றது அவளுக்கே தெரியுமோ தெரியாது. கோச் கேப்பார்தானே. அப்ப அவள் சொல்லட்டும்."

புதன்கிழமை அக்கா ஷார்ஜாவில் ஒரு பள்ளிப் போட்டிக்குப் பிள்ளைகளை அழைத்துப் போயிருந்தார். நாலு மணிக்குத் திரும்பிவிடுவதாக ஏற்பாடு. ஷார்ஜா ரோட்டு நெரிசலைப் பற்றி இங்கே இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாலரைக்கு பஸ்ஸிலிருந்து அழைத்தார்.

"அசையுதில்லை தங்கச்சி. நான் வராட்டிலும் பரவாயில்லை. நீங்கள் பிள்ளைக்குப் பக்கத்திலை இருந்தாக் காணும்."

"நான் என்ன செய்யணும்க்கா?"

"ஒண்டும் செய்ய வேண்டாம்."

யமுனாவின் அப்பாவைக் கீழே கஃபெட்டீரியாவில் உட்காரவைத்திருந்தோம். அது அக்காவின் உத்தரவு. அவர் மூன்றாவது டீ குடித்துக்கொண்டிருந்தார் என்று பிறகு தெரிந்தது. என் மகன் தூங்கிக்கொண்டிருந்தான். சரியாக ஐந்து மணிக்கு மணி அடித்தது.

யமுனா ஸ்பீக்கரைப் போட்டாள். சோபாவில் காலை மடித்து உட்கார்ந்துகொண்டாள். கோச் ஒரு பெண். நான் நடித்த கோச்சைவிட நிதானமாக, வயதான குரலில் பேசினார். யமுனா நன்றாகப் பேசினாள். தன் நேரங்களைச் சொன்னாள். தோற்ற ஓட்டம் ஒன்றைப் பற்றிச் சொன்னாள். கோச் இரண்டு தடவை சிரித்தார். அப்புறம் அவர் கேட்டார்:

"ஒரு விஷயம் எல்லோரிடமும் கேட்பேன். நீ இங்கே வந்த முதல் மாதமே காலில் அடிபட்டு, இனி ஓடவே முடியாது என்றாகிவிட்டது என்று வைத்துக்கொள். அப்போதும் இந்த இடத்தில் இருந்து படிக்க உனக்கு விருப்பமா?"

யமுனா பேசவில்லை.

இந்தக் கேள்வியை நான் பயிற்சியில் கேட்டதேயில்லை. எனக்குத் தோன்றவில்லை. அவள் ஜன்னலைப் பார்த்தாள். உதடு ஒருமுறை பிரிந்து மூடியது. ஸ்பீக்கரில் அந்தப் பக்கத்து மூச்சு கேட்டது. அவர் காத்திருந்தார் என்று இப்போது சொல்லுகிறேன். அன்று எனக்கு, அவர் வைத்துவிடப் போகிறார் என்றுதான் தோன்றியது. கீழே அவள் அப்பா. ஊரில் சித்தப்பா வீடு. இவள் ஒரு சொல் சொன்னால் போதுமே, ஏன் சொல்ல மாட்டேன் என்கிறாள்? பக்கத்தில் சூப்பர்மார்க்கெட் நோட்டீஸ் கிடந்தது. பேனா கையில் எப்படி வந்தது என்று தெரியவில்லை. "ஆமாம். ஓட முடியாவிட்டாலும் அங்கேதான் படிக்க விரும்புகிறேன்" என்று ஆங்கிலத்தில் எழுதி அவள் முன்னால் நீட்டினேன்.

அவள் தாளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கோபமில்லை. அந்தப் பார்வைக்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. நான் தலையை ஆட்டினேன், சொல்லு சொல்லு என்று.

அவள் சொன்னாள். எழுதியிருந்தது எழுதியபடி.

"யோசித்துச் சொன்னதற்கு நன்றி" என்றார் கோச். "நிறையப் பேர் உடனே ஆமாம் என்றுவிடுவார்கள். நான் அதை நம்புவதில்லை."

அக்கா ஆறேகாலுக்கு வந்து சேர்ந்தார். படியேறி வந்த மூச்சிரைப்போடு, "என்ன மாதிரி?" என்றார். யமுனா எல்லாவற்றையும் சொன்னாள். அந்தக் கேள்வியையும் சொன்னாள். பேசாமல் இருந்ததையும், கோச் நன்றி சொன்னதையும் சொன்னாள். தாளைப் பற்றிச் சொல்லவில்லை. அது மடித்து என் உள்ளங்கையில் இருந்தது.

"எவ்வளவு நேரம் கதைக்காமல் இருந்தனி?"

யமுனா என்னைப் பார்த்தாள். "தெரியல மிஸ்."

"ஒரு பத்துப் பன்னிரண்டு செகண்ட் இருக்கும்க்கா" என்றேன். அது உண்மைதான்.

அக்கா சோபாவில் உட்கார்ந்துவிட்டார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. யமுனாவின் தலையை இழுத்து உச்சியில் முத்தம் கொடுத்தார். அந்த நிமிடத்தில் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்தச் சந்தோஷத்தை எப்படிக் கலைப்பது? அல்லது கலைத்திருக்க வேண்டுமோ? யமுனாவும் சொல்லவில்லை. எனக்காகத்தான் சொல்லாமல் இருந்தாளோ என்று பிறகு பல நாள் யோசித்தேன்.

யமுனாவை எடுத்துக்கொண்டார்கள். ஆகஸ்டில் கிளம்பினாள்.

அதற்குப் பிறகு அக்காவின் அறைக்கு வந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்தக் கதை சொல்லப்பட்டது. "பன்னிரண்டு செக்கன் சும்மா இருந்தவள். பிறகு சொன்னவள். அதுதான் பதில்" என்பார். விளைவு என்னவென்றால், எல்லாப் பிள்ளைகளும் எதற்கெடுத்தாலும் காத்திருக்க ஆரம்பித்தார்கள். நான் கோச்சாக அழைத்து, "உன் பெயர் என்ன?" என்று கேட்டால் அந்தப் பக்கம் நிசப்தம். பின்னால் அக்காவின் குரல் கேட்கும்: "பேரைக் கேட்டாலும் யோசிக்கிறதோடா? பேர் மறந்து போச்சோ?" பிள்ளைகள் சிரிப்பார்கள். நான் சமையலறையில் குழந்தையோடு நிற்பேன். எனக்குச் சிரிப்பு வராது.

கொஞ்சம் கொஞ்சமாக விலகினேன். ஒரு வெள்ளி குழந்தைக்குச் சளி. ஒரு வெள்ளி விருந்தாளி. மூன்றாவது வாரம் அக்கா மேலே வந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். என் மகனிடம் அவன் கார் பொம்மையைப் பற்றி ஏதோ கேட்டு, அவன் சொன்னதை முழுவதும் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"என்ன நடந்தது, தங்கச்சி?"

கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார். பிள்ளைகளுக்கும் மருந்துக்கடை ஆளுக்கும் அண்ணனுக்கும் கொடுத்த அதே நேரத்தை எனக்கும் கொடுத்தார். அதற்குள் இருந்து பார்த்தால்தான் தெரிகிறது, அது எவ்வளவு பெரிய இடம் என்று. சொல்லிவிடலாம் போலத்தான் இருந்தது. நான் மகனின் சளியைப் பற்றிச் சொன்னேன். அவர் காத்திருந்தார். கணவருக்கு ஷிஃப்ட் மாறியதைச் சொன்னேன். அவர் காத்திருந்தார். மாமியார் விசாவுக்குக் கொடுத்திருப்பதை, லிஃப்ட் அடிக்கடி நின்றுபோவதை, முதுகு வலியை, எல்லாவற்றையும் சொன்னேன். அந்த இடத்தை மூட்டை மூட்டையாகப் போட்டு நிரப்பினேன்.

"சரி" என்றார் கடைசியில். எழுந்து கதவுவரை போய், செருப்பை மாட்டிக்கொண்டு, "குடும்பம் எண்டா எல்லாம் இருக்கும்தானே" என்றார்.

அடுத்த வருடம் அவருக்கு விசா புதுப்பிக்கப்படவில்லை. கொழும்பில் ஒரு பள்ளியில் வேலை கிடைத்துப் போனார். போகிற அன்று வந்து எண்ணை எழுதிக் கொடுத்தார். "எடுக்க விருப்பம் வந்தா எடுங்கோ. நான் இருப்பன்" என்றார். நான் அழைக்கவில்லை. அவருடைய அறையில் இப்போது இரண்டு பிலிப்பினோப் பெண்கள் இருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் இன்றும் வீடு தூங்குகிறது. எனக்குத் தூக்கம் வருவதில்லை. என்னோடு பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். அம்மா அழைக்கிறாள், தோழிகள் அழைக்கிறார்கள். நான் ஒன்று சொல்லி முடிப்பதற்குள் அவர்கள் அதையே வேறு மாதிரி சொல்லிவிடுகிறார்கள். நானும் அவர்களுக்கு அப்படித்தான் செய்கிறேன். நான் சொல்லாத ஒன்றுக்காக ஒருவர் என் வீட்டில் உட்கார்ந்து காத்திருந்தார் என்பதை அப்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

சரியாகப் பதினொரு நாளுக்கு முன்னால் யமுனாவிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. போனதிலிருந்து பெருநாள், பொங்கல் வாழ்த்துக்கு மேல் அவள் எழுதியதில்லை. ஆங்கில எழுத்தில் தமிழ்: "அக்கா, நல்லா இருக்கீங்களா? மே மாசம் படிப்பு முடியுது. ரெண்டாவது வருஷமே ஓடறத விட்டுட்டேன். உங்களுக்குத் தெரியாதுன்னு நினைக்கிறேன். லைப்ரரில வேலை பாத்துட்டே படிச்சேன். மிஸ் நம்பர் உங்ககிட்ட இருக்கா? அவங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

ஓடாமலும் அங்கேயே இருந்து படித்திருக்கிறாள். அப்படியானால் அன்று அவள் பதிலும் "ஆமாம்"தானே? அல்லது வாயால் சொல்லிவிட்ட ஒரே காரணத்துக்காக இருந்துவிட்டாளா? ஏன் விட்டாள் என்று எழுதவில்லை. சந்தோஷமாக இருக்கிறாளா என்றும் எழுதவில்லை. அக்காவிடம் சொல்ல வேண்டிய அந்த ஒன்று என்ன என்பதை நான் யூகித்துவிட்டேன் என்று நினைக்கிறேன்: அந்தத் தாளைப் பற்றித்தான். நன்றி சொல்வதற்காக மட்டும் இருக்கலாம். அப்படியும் இருக்கலாம்.

எண் என்னிடம் இருக்கிறது. அவளுக்கு அனுப்பினால், நடந்ததை அக்கா இன்னொருவர் வாயால் தெரிந்துகொள்வார். இத்தனை வருடம் மறைத்தவள் கடைசியில் ஒரு சின்னப் பெண்ணின் முதுகுக்குப் பின்னால் நின்றேன் என்று ஆகும். அதற்கு முன்னால் நானே கொழும்புக்கு அழைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் என் மனம் லேசாகும். ஆனால் யமுனா அழைக்கும்போது அவள் சொல்ல வந்தது ஏற்கெனவே சொல்லப்பட்டிருக்கும். அவள் பதிலை இரண்டாவது முறையும் நானே சொன்னதாகிவிடாதா?

என் கணவரிடம் கேட்டேன். "அஞ்சு வருஷமாச்சு, இதெல்லாம் ஒரு விஷயமா?" என்கிறார். விஷயமில்லையோ?

இதைப் படிக்கிறவர்களில் பிள்ளை வளர்த்தவர்கள் இருப்பீர்கள். இப்படி ஒன்றைச் செய்துவிட்டுச் சொல்லாமல் இருந்தவர்களும் இருப்பீர்கள். நான் முதலில் அழைக்கட்டுமா? அல்லது எண்ணை அனுப்பிவிட்டு, யமுனா பேசி முடிக்கிறவரை சும்மா இருக்கட்டுமா? உங்களுக்குத் தோன்றுவதை எழுதுங்கள். அவளுக்கு நான் இன்னும் பதில் அனுப்பவில்லை.